ராக்காயி அக்கா வீட்டுக் கோழிகள்

“அக்கா, இது என்னா?”

“கோழி தம்பி.”

“கோழின்னு தெரியுது லா! வீட்ல எதுக்கு வச்சிருக்கீங்க?”

ராக்காயி அக்கா கைலியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

புக்கிட் செலம்பாவில் அவர் வீட்டுப் பின்புறம். கம்பி வலை வேலிக்குள் நாலைந்து கம்போங் நாட்டுக்கோழிகள், கூட ஒரு சேவல்.

பீடோங் பக்கத்து முட்டைப் பண்ணையில் நான் சுகாதார சூப்பர்வைசர். அக்கா அங்கே முட்டை எடுக்கிறவர். பண்ணையில் எனக்கு ‘மருந்துத்தொட்டி’ என்று பெயர். வாசலில் இருக்கிற மருந்துத் தண்ணீரில் காலை முக்காமல் முதலாளியையே கொட்டகைக்குள் விடமாட்டேன். அந்தப் பெயரை ஏதோ அரண்மனையில் கொடுத்த டத்தோ பட்டம் மாதிரி சுமந்து திரிகிற ஆள் நான்.

பண்ணையில் வேலை செய்கிறவர் வீட்டில் கோழி, வாத்து எதுவும் இருக்கக் கூடாது. நோய் பரவ, செருப்பில் ஒட்டிய எச்சம் போதும். அடுக்கடுக்காகக் கூண்டில் நெருக்கி அடைத்த கோழிகள். ஒரு கோழிக்கு நோய் வந்தால் கொட்டகையே காலி.

யாரோ சொன்னார்கள் என்று கையும் களவுமாகப் பிடிக்க வந்திருந்தேன்.

“அத்தனை கோழியும் செத்தா யாருக்கா பதில் சொல்றது?”

“இதுங்களத் தொட்டா குளிச்சு, வேற துணி மாத்தித்தான் தம்பி வேலைக்கு வருவேன்.”

“அதெல்லாம் கதை!”

குனிந்து ஒவ்வொரு கோழியின் கண்ணையும் மூக்கையும் பெரிய நிபுணர் மாதிரி பார்த்தேன். சேவல் வலை வழியாக என் பூட்ஸைச் செல்லமாகக் கொத்தியது. அதையும் முறைத்தேன்.

“நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க.”

அக்கா முகம் சுருங்கிவிட்டது.

“இந்த வயசுல நான் வேற எங்க தம்பி வேலை தேடுறது?”

“முன்னாடியே யோசிச்சிருக்கணும்” என்றேன். என் குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம்.

“பா... பா... பா...”

கோழிகள் எல்லாம் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பாய்ந்தன.

நொய்யரிசிப் பையோடு வந்தவள் என் மனைவி நளினி. என்னைப் பார்த்ததும் பை கை நழுவியது.

“நீ எங்க இங்க?”

“உங்களுக்கு இந்த வேலை கிடைச்சதும் நம்ம கோழிங்கள அறுத்துடச் சொன்னீங்க. எனக்கு மனசு வரல. அறுத்துட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு அக்காகிட்ட விட்டுட்டேன். தெனமும் நான்தான் வந்து தீனி போடுறேன்.”

தினமும்! இங்கே மிதித்த செருப்பை வீட்டுக்கு வந்து என் பூட்ஸ் பக்கத்தில்தான் கழற்றிப் போடுகிறாள். போதாக்குறைக்கு, சேவலுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. நிபுணருக்குத்தான் தன் வீட்டுக் கோழி தெரியவில்லை.

“அக்கா... இவ்வளவு நேரமா கத்துறேன். நளினியோட கோழின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

சிந்திய நொய்யை அள்ளிக்கொண்டே அக்கா சொன்னார்:

“எப்படித் தம்பி சொல்றது? சொன்னா, நீங்க உங்களையே வேலைய விட்டு நிறுத்திக்கணுமே!”