சாப்பாட்டு மேஜையில் ஆல்டர்னேட்டர்

ஸ்பிரிங் ‘டிங்’ என்று எகிறிப் பறந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

சாப்பாட்டு மேஜை முழுக்கக் காரின் ஆல்டர்னேட்டர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்த ஒற்றைச் சாமானை நூலகர் பதினாறு சாமான்களாக ஆக்கி வைத்திருந்தார்.

நாலு நாளாகக் கார் கிளம்பவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வண்டிப் பழுது பற்றி அவருடைய நூலகத்தில் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றையும் ஒன்று விடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான்.

புது பேரிங், புது கார்பன் பிரஷ் எல்லாம் வாங்கியாயிற்று. கழற்றுவதில் அவர் சூரர். மாட்டுவதைச் சொல்லும் பக்கத்தைத்தான் எந்த வாசகரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்.

குப்புறப் படுத்துத் துடைப்பத்தால் துழாவினார். ஸ்பிரிங் வரவில்லை. போன வருடம் தொலைந்த பேனா மூடி வந்தது.

அப்போது முகத்துக்கு நேரே இரண்டு வீங்கிய பாதங்கள் வந்து நின்றன. செருப்பு மாட்டியிருந்தன. பக்கத்தில் ஆஸ்பத்திரிப் பை.

நிறைமாத மனைவிக்கு வலி எடுத்து ஒரு மணி நேரமாகிவிட்டதாம். வாசலில் டாக்ஸி நிற்கிறதாம்.

எழுந்த வேகத்தில் மேஜை விளிம்பு மண்டையைப் பதம் பார்த்தது.

டாக்ஸியில் ஏறியதிலிருந்து நூலகர் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தார். இந்த ஒரு நாளைக்கு ஒரு காரைக் கிளப்பத் துப்பில்லை, இவனெல்லாம் ஒரு அப்பன்!

அடுத்த வலி அடங்கும்வரை மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு சொன்னாள்:

“காருக்கு ஒண்ணுமில்லைங்க. பேட்டரி ஒயரை லூசாக்கி விட்டது நான்தான். டாக்ஸிக்கும் அன்னைக்கே சொல்லி வச்சுட்டேன்.”

ஆல்டர்னேட்டரில் கை வைக்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்று என்பதுதான் மூன்று புத்தகங்களிலும் முதல் வரி. தொட்டதுமே அது கையோடு வந்துவிட்டது. தனக்கு இந்த வேலை நன்றாக வருகிறதே என்று அவர் பூரித்துப்போயிருந்தார்.

கோபப்படலாமா என்று மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“போன தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பினோமே... அதையே நினைச்சுக்கிட்டு ராப்பகலா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்களுக்கு ஏதாவது ஒரு வேலை வேணும்னு தோணுச்சு.”

நாலு மணிக்குப் பெண் பிறந்தாள். வீல் என்று அழுதாள். நூலகர் அதைவிடச் சத்தமாக அழுததால், வெளியே போய் உட்காரும்படி நர்ஸ் அவரை அதட்டினாள்.