இரண்டாம் மார்க்குஸ்

“இப்ப குத்தாட்டி அவனை இனிக் குத்தேலாது,” என்றார் எட்வேட்.

அமிர்தநாதர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆளை முடிக்கிறது சரி. பிறகு சனத்துக்கு என்ன சொல்லுறது?”

“கனவெண்டு சொல்லுவம்.”

கத்தி அட்டையில் வெட்டிச் செய்தது. மேலே சமையல் ஃபொயில் சுற்றியிருந்தது. இருவரும் டோர்செட் பார்க் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில், மண்டபத்துச் சமையலறைக்குள் நின்றார்கள். தொண்ணூற்று நாலாம் ஆண்டு மாரி. சுவருக்கு அப்பால் மேடையில், உரோமாபுரியின் செனட்டர் மார்க்குஸ் பாடிக்கொண்டிருந்தார்.

கூத்தில் பெரிய பாத்திரத்தை இருவர் பிரித்து ஆடுவது வழக்கம். பாதியில் ஒருவர் இறங்க, மற்றவர் ஏறுவார். பதவிக்கு வருகிற முதலாம் மார்க்குஸ், அலெக்ஸாண்டர். பதவி போய்ச் சாகிற இரண்டாம் மார்க்குஸ், அகஸ்ரின். கூத்தைப் பழக்கிய எட்வேட் அப்படித்தான் பிரித்திருந்தார்.

அலெக்ஸாண்டர் இறங்கவில்லை.

அவன் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவன். கையில் கிடைத்த உரோமாபுரியை விட அவனுக்கு மனம் வரவில்லை. பின்வரிசையில் இருந்த மச்சான்மார் “வன்ஸ் மோர்” என்று கத்தக் கத்த, ஒவ்வொரு பாட்டையும் திரும்பப் பாடினான். ஒவ்வொரு வெற்றிக்கும் கிண்ணத்தை உயர்த்தி ஜிஞ்சர் ஏல் குடித்தான். ஒத்திகையில் அந்தக் கிண்ணம் வெறுமையாகத்தான் இருந்தது.

“கோல் நாட்டைத் திரும்பவும் பிடிச்சிட்டான்,” என்றார் எட்வேட், காதைக் கொடுத்து. “மூண்டாம் தரம்.”

“எங்கட சங்கத் தலைவரையே இன்னும் இறக்கேலாமக் கிடக்கு. நீர் செனட்டரை இறக்கப் போறீர்.”

மண்டபத்தைப் பூட்டுகிறவர் வந்து, திறப்புக் கோவையைக் குலுக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் அகஸ்ரின் தலையை நீட்டினான். வெள்ளை பெட்ஷீற்றை உடம்பில் சுற்றித் தோளில் முடிந்திருந்தான். இரண்டு மார்க்குஸுக்கும் எட்வேட் ஒரே பெட்டியில் வாங்கிய ஷீற்றுகள்.

“அண்ணை, மாமி முன்வரிசையில இருக்கிறா. ரெக்ஸ்டேலில இருந்து மூண்டு பஸ் மாறி வந்தவ.”

“தெரியுமடா.”

“வாய் திறக்காத மருமகன் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறா. இண்டைக்கு ஒரு பாட்டு, அண்ணை. ஒண்டே ஒண்டு. பிறகு என்னைக் குத்துங்கோ, வெட்டுங்கோ.”

“போய்த் திரைக்குப் பின்னால கதிரையில இரு. நாங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வருவம். பிறகு நீதான் மார்க்குஸ்.”

அகஸ்ரின் போனான். எட்வேட் கிளம்பினார். அமிர்தநாதர் அசையவில்லை.

“என்ர கத்தி மடிஞ்சுபோச்சு.”

“மடிஞ்ச கத்தியால குத்துங்கோவன், அண்ணை.”

“சனம் சிரிக்கும்.”

மேசை லாச்சிகளை இழுத்து இழுத்து ஒட்டுகிற ரேப் தேடினார்கள். கடைசியில் குளிர்பெட்டிக்கு மேலே கிடைத்தது. ஒட்டி முடித்து, மற்றக் கதவால் மேடையின் பின்பக்கம் ஏறினார்கள்.

மார்க்குஸ் சனத்தைப் பார்த்து, இவர்களுக்கு முதுகு காட்டி நின்றான். பாட்டு நின்றிருந்தது. கோல் நாட்டை நாலாம் தரம் பிடிக்க மூச்சு இழுக்கிறான் என்று எட்வேட் நினைத்தார்.

“கொடுங்கோலனே!”

ஷீற்றின் தலைப்பை இழுத்து அவன் முகத்தை மூடினார். இரண்டு கத்தியும் ஒன்றாக இறங்கின.

“அண்ணை, நான்...”

“உன்ர ‘நான்’ இண்டைக்குக் கேட்டது காணும்,” என்று எட்வேட் அவன் காதுக்குள் சொன்னார்.

பின்வரிசையில் யாரோ “வன்ஸ் மோர்!” என்று கத்தினார்கள். அமிர்தநாதர் இன்னொரு தரம் குத்தினார்.

கைதட்டல் கூரையில் முட்டியது. முன்வரிசையில் அகஸ்ரினின் மாமி ஜெயமலர் மட்டும் எழுந்து நின்றார். அவர் கைதட்டவில்லை. உதைத்துத் துள்ளிய மார்க்குஸை இருவரும் தலையிலும் காலிலும் பிடித்துத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் நிலத்தில் போட்டார்கள்.

எட்வேட் திரும்பி ஓடிப்போய்ச் சனத்துக்கு முன்னால் நின்றார். “இவ்வளவும் மார்க்குஸ் பிரபு கண்ட கனவு. இனித்தான் நிசம்.”

அவர் வந்து பார்த்தபோது, அமிர்தநாதர் மூட்டையின் மேல் ஏறி இருந்தார். மூட்டை முனகியது.

“விட்டா எழும்பிப் போயிடுவான்,” என்றார் அமிர்தநாதர். “பதவி ருசி கண்டவன்.”

“நல்லா இருங்கோ. அகஸ்ரின்! ஏறடா!”

கதிரை வெறுமையாக இருந்தது.

“பெடியன் பயந்துபோனான்,” என்றார் அமிர்தநாதர். “அங்கை, பாத்றூமுக்குள்ள தண்ணிச் சத்தம் கேக்குது.”

எட்வேட் கதவில் தட்டினார். “கெதியா வாடா, தம்பி. மாமி எழும்பி நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறா. இனி உன்னை ஒருத்தரும் மறிக்கேலாது.”

கதவு திறந்தது. பெட்ஷீற்றை இறுக்கி முடிந்துகொண்டு அலெக்ஸாண்டர் வெளியே வந்தான். முகத்தில் அப்படியோர் அமைதி.

“ஜிஞ்சர் ஏல், அண்ணை. அடக்கேலாமப் போச்சு. அகஸ்ரினைப் பிடிச்சு மேடையில ஏத்திவிட்டிட்டு ஓடிவந்தன்.”

மேடைப் பக்கம் காதைத் திருப்பினான்.

“நல்லாப் பாடுறானோ?”