அளவுக்கு ஓர் ஆள்

கடற்சுவரில் அலை மோதி உடைவதைக் கணினியில் கணக்கிடுகிறவர்கள், உயரம் புரிவதற்காகச் சுவருக்குப் பின்னால் ஒரு மனித உருவத்தை நிறுத்துவார்கள். பனிமயன் தன் அப்பாவை நிறுத்தியிருந்தான். அது அவனுடைய ஊர்ச் சுவர். அதன் பின்னால்தான் அப்பாவின் வீடு. ஒவ்வொரு முறையும் அலை எழுந்து, சுவரைப் பிளந்து, கற்களோடு அப்பாவைத் தூக்கி வீட்டு வாசலில் அறைந்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

"காலையிலேர்ந்து உங்கப்பாவை எத்தனை தடவைடா கொன்ன?" என்றான் பக்கத்து மேசை தில்லைவாணன்.

"டீக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பேராசிரியர் வந்து நின்று பார்த்தார். அப்பா மறுபடியும் சிதறினார்.

"அலையைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பா."

"சுவரை உயர்த்தலாமே சார்?"

"அதான் கட்டியாச்சே. நாளைக்குத் திறப்பு விழா."

அவரே குனிந்து ஓர் எண்ணை மாற்றினார். அலை வந்து சுவரின் காலடியில் நுரைத்துத் திரும்பியது. அப்பா அசையாமல் நின்றார். சுவர் உறுதியானது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேராசிரியர் சாப்பிடப் போனார்.

பனிமயன் ஊருக்கு போன் செய்தான். "யப்பா, உடனே வீட்டைக் காலி பண்ணுங்க."

"ஏம்ல, பெரிய அலை எதுவும் வருதா?"

"இல்லப்பா. இப்பத்தான் குறைச்சிருக்கோம்."