ஏற்கெனவே போட்ட புரோகிராம்

கம்பெனியின் ஆறு தோட்டங்களிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் புதிய தொழிலாளர் பெயர்ப்பதிவு புரோகிராமைப் போடும் வேலை 1988இல் ஜக்கரியாவுக்கு வந்தது. தோட்டத்து ஆட்களை அவன் மதிப்பதே இல்லை. ஈஜோக் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நவமணியிடம், "தள்ளி நில்லு. உனக்கெல்லாம் இது ஏறாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அவன் கொண்டுவந்த டிஸ்கெட்டில் இருந்தது மூன்றாம் பதிப்பு. திரையில் ஓடிக்கொண்டிருந்ததோ நான்காம் பதிப்பு. அப்படி ஒன்று இன்னும் எழுதப்படவே இல்லை.

"யாரு போட்டது?"

"நீங்கதான் சார், நேத்து."

நேற்று முழுவதும் அவன் கிள்ளான் டவுனில் இருந்தான். "மூளை இருக்கா உனக்கு?" என்று சிரித்துக்கொண்டே கோலா சிலாங்கூரில் தான் வேலை பார்க்கும் தலைமை ஆபீசுக்குப் போன் செய்தான்.

"ஜக்கரியா பேசுறேன்," என்றது மறுமுனை. அவனுடைய குரலேதான். "தோட்டத்து ஆளா? உன்கிட்ட என்ன பேச்சு? கிராணிகிட்ட குடுலா."

நவமணி போனை வாங்கினாள். "சரிங்க சார். தொட விடமாட்டேன் சார்."

போனை வைத்துவிட்டு, டிஸ்கெட்டை அவன் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"வெளியில பெஞ்சு இருக்கு தம்பி. அங்க போயி உக்காரு."

அவன் போய் உட்கார்ந்தான். ஐந்து மணிக்கு ஆபீசைப் பூட்டிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட அவனை யாரென்று கேட்கவில்லை.