மெர்சி எடுத்த அரக்குப் பட்டு

"ஏனுங்க அன்புக்கரசியக்கா, இது எப்படி இருக்குதுங்க?"

ஒப்பணக்கார வீதிக் கடையில, நாலு பேரு பாக்க, அரக்குப் பட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மெர்சி ஒரு சுத்து சுத்துனா. கரை பூரா மாம்பழ மஞ்சள். எனக்குக் கண்ணு கூசிப்போச்சு.

"காரமடைத் தேருக்குக் கட்டலாம். உனக்கு எதுக்கு அம்மணி?"

"கல்யாணத்துக்குத்தானுங்க!"

எனக்குத் திக்குனு ஆச்சு. இன்னும் பதினஞ்சு நாள்ல துடியலூர்ல எங்க சபையில அவளுக்குக் கல்யாணம். எங்க சபையில கல்யாணப் பொண்ணுன்னா வெள்ளைப் பட்டு, தலையில முக்காடு போட வெள்ளை நெட்டு. மாதர் சங்கச் செயலாளரு நான் இருக்கையில ஒருத்தி செக்கச் செவேல்னு வந்து நின்னா, நாளைக்கு எவ என்னை மதிப்பா?

"வெள்ளை எடுத்தியா இல்லையா?"

"பாத்துக்கலாமுங்கக்கா."

"மாப்பிள்ளை ஆல்வின் என்ன சொல்றாரு?"

"இந்தக் கலரைச் சொன்னதே அவருதானுங்க!"

நல்ல ஜோடி!

மெர்சி கணபதியில ஒரு தையல் கடையில வேலை பாக்கறவ. ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், பப் கையென்ன, கழுத்துல பின்னலென்ன! வேதபுத்தகத்துக்குக்கூடச் சீலைக்கு மேட்சா உறை தெச்சுப் போட்டுக்கிட்டு வருவா. கேட்டா, "மயிலைப் படைச்ச ஆண்டவருங்கக்கா, அவருக்குக் கலரு புடிக்காமயா இருக்கும்?"ம்பா.

பக்தியிலயும் குறை சொல்ல முடியாது. துணியில கத்திரி வெக்கறதுக்கு முந்தி கண்ணை மூடி ஜெபம் பண்ற புள்ளை. அதுலதான் எனக்கு இன்னும் எரிச்சலு. திட்டறதுக்கு ஒரு புடி கெடைக்க மாட்டேங்குது.

தாய் தகப்பன் இல்லாதவ. அத்தை பொன்னாத்தாக்காதான் எடுத்து வளத்துச்சு. அத்தை கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் சபைக்குள்ள போவேன்னு மெர்சி ஒத்தைக் கால்ல நின்னா. பொன்னாத்தாக்கா முடியவே முடியாதுன்னுடுச்சு.

"தாலியறுத்தவ சாமி நானு. மாப்பிள்ளை ஊட்டுச் சனம் என்ன பேசும்? பின்னாடி பெஞ்சுல உக்காந்து கண்ணு குளிரப் பாத்துக்கறேன்."

"அத்தை சொல்றதும் நாயந்தானே"ன்னு நானும் ஒத்து ஊதிப்போட்டேன். மெர்சி ஒரு வாரம் என்ற மொகத்தையே பாக்கலை. அப்படிப்பட்டவ சிரிச்சுக்கிட்டு வந்து கடைக்குக் கூப்பிட்டாளேன்னு நம்பிப் போனேன். போன எடத்துலதான் இந்த அரக்கு.

சும்மா உடுவேனா? நேராப் பாஸ்டருகிட்டப் போனேன்.

"ஐயா, அந்தப் புள்ளை சேப்புச் சீலையில வந்து நின்னா நீங்க தாலி எடுத்துக் குடுப்பீங்களா?"

அவரு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "வரட்டும்மா, பாப்போம்"னு சிரிச்சாரு. இந்த ஆம்பளைங்களை நம்பி ஒரு காரியமும் ஆகாது.

மெர்சி ஊட்டுக்குப் போனா, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள மிஷின் ஓடுது. கூடவே அவ பாட்டு வேற.

"உள்ள வராதீங்கக்கா! கல்யாணத்தன்னைக்கு வந்து பாருங்க!"

பாக்கறேன், பாக்கறேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துபோட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு, என்ற பொட்டியில இருந்ததுலயே நல்ல வெள்ளைச் சீலையா ஒண்ணை மஞ்சப் பையில வெச்சுக்கிட்டு முன்னாடியே போயிச் சபை வாசல்ல நின்னேன். அவ எறங்குன ஒடனே பக்கத்து ரூமுக்கு இழுத்துக்கிட்டுப் போயி மாத்திப் போடறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

அம்பாசடர் காரு வந்து நின்னுது. கதவு தொறந்துது. அரக்குச் சேப்பு, மாம்பழக் கரை!

"நெனச்சேன்!"னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்.

எறங்குனது பொன்னாத்தாக்கா.

வெள்ளைச் சீலையைத் தவிர வேற துணியில நான் அதைப் பாத்ததே இல்லை. ஐயோ, எத்தனை லட்சணம்! கூச்சத்துல அதுக்குத் தலையே நிமிரலை.

"இருக்கற நாலு வெள்ளைச் சீலையையும் வெடியால சோப்புத் தண்ணியில முக்கிப் போட்டா இந்தப் பாவி மவ, அன்புக்கரசி! கட்டறதுக்கு இதை உட்டா வேற துணியில்லை!"

அந்தப் பக்கத்துக் கதவுல மெர்சி எறங்குனா. வெள்ளைப் பட்டு, வெள்ளை நெட்டு. அந்த பப் கையி மட்டும் ரெண்டு காதையும் தொட்டுருமாட்ட நின்னுது.

"பொண்ணும் அத்தையும் ரெண்டு பேருமே வெள்ளை கட்டுனா நல்லாவா இருக்குமுங்கக்கா? இருவது வருசமா அத்தை கட்டிப்போட்டாங்க. இன்னைக்கு என்ற முறைங்க!"

உள்ள பாட்டு ஆரம்பிச்சாச்சு. சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. பொன்னாத்தாக்காளுக்குக் காலு நகர மாட்டேங்குது. என்ற கையைப் புடிச்சுக்கிச்சு.

"இத்தனை பேரு முன்னாடி இதைக் கட்டிக்கிட்டு எப்படி நடப்பேன் அன்புக்கரசி? உனக்குப் புண்ணியமாப் போவுது, எங்கியாச்சும் ஒரு வெள்ளைச் சீலை கெடைக்குமா? ஒரு நிமிசத்துல மாத்திக்கறேன்."

மெர்சி மொகத்துல இருந்த சிரிப்பு நின்னுபோச்சு. என்ற கையில இருந்த பையைப் பாத்தா. பை வாயில வெள்ளை ஜரிகை எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துது. அப்புறம் என்னையப் பாத்தா.

நான் பையைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கி, முந்தானையை மேல இழுத்து உட்டேன். சபை வாசல்லயே நின்னுக்கிட்டு வாய் கூசாமப் பொய் சொன்னேன்.

"வெள்ளைச் சீலைக்கு இந்த நேரத்துல நான் எங்கீங்க போவேன்? நடங்கக்கா, பொண்ணு கையைப் புடிங்க. முன்னாடி பெஞ்சு உங்களுக்குத்தான்."