கையைத் தூக்கு

"நில்! கையைத் தூக்கு!"

பக்கத்து வீட்டில் கஹ்தான் போட்ட சத்தத்தில், மஹாசின் பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு மதில் மேல் எட்டிப் பார்த்தாள்.

முற்றத்தில் அவன் துடைப்பக் கட்டையைத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்திருந்தான். எதிரே அவனுடைய ஒரே மகன் லுவாய். பதின்மூன்று வயது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தான்.

"காதுல விழலை? கையைத் தூக்குடா."

மஹாசினுக்குப் பொறுக்கவில்லை. "கஹ்தான், அது உன் பிள்ளையா, பிடிச்சுட்டு வந்த கைதியா?"

"உங்க வேலையைப் பாருங்கக்கா."

"அவனுக்கு ஆட்டிசம். பேச்சு வராது, சத்தம் ஆகாது. தெருவுக்கே தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதா?"

கஹ்தான் கட்டையை மறுபடி நீட்டினான்.

இதே கஹ்தான்தான் மொசூல் முழுக்க அலைந்து மகனுக்கு ஒரு பயிற்சி ஆசிரியையைத் தேடிப் பிடித்தவன். பல் தேய்க்க ஒரு படம், செருப்பு மாட்ட ஒரு படம் என்று தானே வரைந்து சுவரெல்லாம் ஒட்டியவன். அப்பா பக்கத்தில் படுத்தால்தான் லுவாய்க்குத் தூக்கமே வரும். கொஞ்ச நாளாக மனுஷனுக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. தினம் சாயங்காலமானால் இந்தக் கூத்து.

"சலிச்சுப் போயிருக்கும்," என்றாள் தெருப் பெண்கள் சேர்ந்து ரொட்டி சுடும் அடுப்படியில் ஒருத்தி. "ஆம்பளைங்க பொறுமை அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை கத்தட்டும். போலீசுக்கே போறேன்," என்றாள் மஹாசின்.

மறுநாள் காலை கஹ்தான் வீட்டு வாசற்கதவு திறந்து கிடந்தது. லுவாய் தனக்குத்தானே முனகிக்கொண்டு தெருவில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

மஹாசின் பின்னாலேயே ஓடினாள். தெருமுனையில் ராணுவச் சோதனைச் சாவடி. சந்தையில் குண்டு வெடித்த பிறகு புதிதாகப் போட்டது. பையன் நேராக அதை நோக்கித்தான் போனான்.

"நில்," என்றான் சிப்பாய்.

லுவாய் நிற்கவில்லை.

"நில்லுன்னு சொல்றேன்ல?" துப்பாக்கி உயர்ந்தது.

"சுட்டுடாதீங்க, அவனுக்குப் புரியாது," என்று மஹாசின் அலறினாள். ஜெனரேட்டர் இரைச்சலில் அது போய்ச் சேரவில்லை.

"கையைத் தூக்கு!"

லுவாய் காதைப் பொத்தினான். சுற்ற ஆரம்பித்தான். மஹாசின் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தபோது, லுவாய் இரண்டு கையையும் உயரத் தூக்கியபடி அசையாமல் நின்றிருந்தான். கன்னமெல்லாம் கண்ணீர். கால்சட்டை நனைந்திருந்தது.

மஹாசின் ஓடிப் போய் விவரம் சொன்னதும் சிப்பாய் துப்பாக்கியை இறக்கினான். சின்ன வயசுக்காரன். "கை மேல போகலைன்னா சுட்டிருப்பேன் சின்னம்மா," என்றான்.

அவள் பையனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கஹ்தான் வெறுங்காலோடு எதிரே ஓடி வந்தான்.

அவனைப் பார்த்ததும் லுவாய் பின்வாங்கினான். மறுபடியும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

உள்ளிருந்து அவன் அம்மா வந்து, அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நடந்ததைக் கேட்ட கஹ்தான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"கத்திச் சொல்லிக்கொடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? இதுக்கும் படம் வரைஞ்சுதான் காட்டினேன். மெதுவாச் சொன்னா அழகாக் கையைத் தூக்குவான். கத்தினா எல்லாமே மறந்து போயிடும். சாவடியில மெதுவாவா சொல்லப்போறாங்க?"

மஹாசின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதுக்காக... இப்ப உன் பக்கமே வரமாட்டேங்கறானேப்பா."

"தெரியும். அவன் அம்மா, 'நானே கத்தறேன், நீங்க வேணாம்'னுதான் அழுதா. நான்தான் விடலை."

அவன் உள்ளே பார்த்தான்.

"பயமில்லாமப் போய் ஒட்டிக்க, வீட்ல ஒருத்தராவது அவனுக்கு மிச்சம் இருக்கணுமேக்கா."