இரண்டு பதினெட்டு

போலீஸ் கணினிப் பிரிவின் ஜெரினா பெரியவர் அறையின் கேமராப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வாசலில் போலீஸ் ஜீப் உறுமியது. ஜீப்புக்குள் வீட்டு நர்ஸ் புஷ்பம் அழுதுகொண்டிருந்தாள். பெரியவரைத் தனியே விட்டுவிட்டுப் போனாள், அதனால்தான் செத்தார் என்பது மகன் நல்லசிவத்தின் புகார்.

"எப்போ உயிர் போச்சுன்னு இதுல எப்படிம்மா தெரியும்? நாற்காலியில தூங்குற மாதிரியேதான இருக்கார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"படத்தப் பாக்காதீங்க சார், ஃபைல் எவ்ளோ பெருசுன்னு பாருங்க. வீடியோ எல்லாப் படத்தையும் முழுசா எழுதாது. முந்தின படத்துலேருந்து மாறினத மட்டும் எழுதும். இப்படிச் சுருக்கலேன்னா ஒரு நாள் பதிவுக்கே டிஸ்க் ரொம்பிடும். நெஞ்சு ஏறி இறங்கினாகூட அதுக்குக் கொஞ்சம் எழுத இருக்கும்."

நிமிடத்துக்கு நிமிடம் எவ்வளவு எழுதப்பட்டது என்று திரையில் காட்டிய வரைகோடு ஓரிடத்தில் படுத்துவிட்டது.

"ரெண்டு பதினெட்டு. அதுக்கப்புறம் எழுத ஒண்ணுமே இல்ல."

"அப்போ அவ வெளிய போயிருந்தா சார்! நான் சொன்னேன்ல?" நல்லசிவம் துள்ளினான்.

ஜெரினா கேமராவுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். அவள் விரல் நின்றது.

"சார், அந்த நேரத்துல யாரோ ஃபோன்ல இந்தக் கேமராவப் பாத்துட்டு இருந்திருக்காங்க. ரெண்டு பத்துலேருந்து ரெண்டரை வரைக்கும்."

இன்ஸ்பெக்டர் நல்லசிவத்திடம் கை நீட்டினார். "ஃபோனைக் குடுங்க."

அவன் கொடுக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அசையாம இருந்தார் சார். நல்லாத் தூங்குறார்னு நெனச்சேன். போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னு புஷ்பத்த அனுப்பினதே நான்தான்."